ஆர்டீலியாவின் அக்கா

வெர்னீஸ் டாலிவருக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அமெரிக்காவின் அலபாமாவில் பருத்தி ஆலை மூடிப்போன சின்ன ஊர் அது. ஊருக்கு ஒரே மருத்துவமனை, பிரசவம் பார்க்க ஒரே டாக்டர், கிராண்டால். எண்பத்தொன்றாம் வருஷம் மார்ச் மாதம் தங்கை ஆர்டீலியா அங்கேதான் முதல் பிள்ளையைப் பெற்றாள்.

மறுநாள் காலை வெர்னீஸ் ஈரக்கையோடு மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது தங்கையின் முகம் ஊதிப்போயிருந்தது.

"தலை பிளக்குதுக்கா. உன் முகமே ரெண்டு ரெண்டா தெரியுது."

வெர்னீஸ் டாக்டரை நடைவழியில் மறித்துச் சொன்னாள். அவர் கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"பெத்தவளுக்குத் தலைவலி இருக்கத்தான் செய்யும். உங்க கறுப்பு ஆளுங்களுக்கு வலியெல்லாம் தாங்கும், பயந்தான் ஜாஸ்தி. நீ போய் உன் துணியப் பாரு."

அவள் போனாள். துணியைப் பார்த்தாள். பிற்பாடு அவளைத் தின்றது அதுதான், அந்த ஒரு சொல்லுக்கு அடங்கிப் படியிறங்கிப் போனது. மதியம் ஆர்டீலியாவுக்கு வலிப்பு வந்தது. மூன்று மணிக்கு உயிர் போயிற்று. இருபத்து நாலு வயது. பச்சைக் குழந்தையைத் தகப்பன் வீட்டார் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆர்டீலியா கிடந்த விரிப்பு, மற்ற அழுக்குத் துணியோடு சேர்ந்து வெர்னீஸிடமே துவைக்க வந்தது.

அடக்கம் முடிந்த வாரம், லூவெல்லாவின் முடியலங்காரக் கடையில் உட்கார்ந்து, கிராண்டாலின் காரைக் கொளுத்தப்போவதாகச் சொன்னாள். லூவெல்லா சிறுவயதுச் சிநேகிதி. கையிலிருந்த சீப்பை நிறுத்தவே இல்லை.

"கொளுத்து. நீ ஜெயிலுக்குப் போவ, அவன் புதுக் கார்ல போவான். வேற ஏதாச்சும் யோசிடி."

யோசித்தாள். ஆர்டீலியாவின் உயிரை வாங்கியது யாரும் அளந்து பார்க்காத பிரஷர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து, பிரஷர் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கருவியை வாங்கி லூவெல்லாவின் கடையில் மூலை நாற்காலி பக்கத்தில் வைத்தாள். முடி காயக் காத்திருக்கும் பெண்களின் கையைப் பிடித்து, பட்டையைச் சுற்றி, பிரஷர் அளவையும் தேதியையும் நோட்டில் எழுதினாள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் வாரம் தவறாமல் வரவேண்டும். வராதவளின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள்.

அடுத்தது அவள் போட்ட சட்டம். கிராண்டாலின் கிளினிக்குக்கு எந்தப் பெண்ணும் தனியாகப் போகக்கூடாது. கூட ஒருத்தி நோட்டோடு போய், இவள் சொன்னது, அவர் சொன்னது, மணி எத்தனை, எல்லாவற்றையும் எழுத வேண்டும். பாதி நாள் கூடப் போனது வெர்னீஸேதான். நாலாவது மாதம் அவர் எரிந்து விழுந்தார்.

"என்ன எழுதிக்கிட்டே இருக்க? இதென்ன கோர்ட்டா?"

"இன்னும் இல்ல, டாக்டர்."

அந்த வாரமே சலவைக்கூட வேலை போயிற்று. லூவெல்லா தன் கடையில் தலை அலசிவிடும் வேலையைக் கொடுத்தாள். நோட்டு நிற்கவில்லை.

இரண்டு வருஷத்தில் ஊருக்கே பழக்கமாகிவிட்டது. உப்பைக் குறைத்தவர்கள் உண்டு, மாத்திரைக்குப் பழகியவர்கள் உண்டு. சபையில் பாஸ்டர் ஒரு ஞாயிறு அவளை எழுப்பி நிறுத்தி, அன்பே உருவான சகோதரி என்று புகழ்ந்தார்.

"தப்பா சொல்றீங்க பாஸ்டர்," என்றாள் வெர்னீஸ். "அன்புக்காக நான் ஒண்ணும் செய்யல. அந்த டாக்டர நான் கவுக்கணும். அதுக்காகத்தான் இத்தனையும்."

பின்வரிசையிலிருந்து லூவெல்லா, "ஆமென்" என்றாள்.

எண்பத்து நாலில் டெசரீ என்ற பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு ஏறியது. கிராண்டால் இரண்டு மாத்திரை கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். கூடப் போயிருந்த வெர்னீஸ் அந்த வார்த்தையை எழுதி, மணியை எழுதி, அவரிடமே நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க டாக்டர். இதத்தான் சொன்னேன்னு."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தமுறை அவள் படியிறங்கியது வேறு விதம். லூவெல்லாவின் காரில் டெசரீயைப் படுக்கவைத்து இரண்டு மணி நேரம் ஓட்டி, பர்மிங்காம் நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அங்கே பார்த்த டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, "இது மாதிரி நோட்டு இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

டாக்டரம்மா மருத்துவ உரிமக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். மறு வருஷம் மாநிலத் தலைநகரில் விசாரணை நடந்தது. நாற்பத்தொரு பெண்கள் சபையின் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கிராண்டாலின் வக்கீல், சலவைக்காரியின் கிறுக்கல் என்றார். நாற்பத்தொரு பேரும் ஒவ்வொருத்தராக எழுந்து, நோட்டில் தங்கள் பக்கத்தைத் தாங்களே வாசித்தார்கள். அதற்கே ஒன்றரை நாள் ஆயிற்று.

கடைசியில் வெர்னீஸைக் கேட்டார்கள். தங்கையைப் பற்றிச் சொன்னாள். கிராண்டால் தலையை ஆட்டினார்.

"எனக்கு அப்படி ஒரு நோயாளிய ஞாபகமே இல்ல."

"கோப்பு உங்க முன்னாடிதான் இருக்கு. பேர வாசிங்க."

குழுத் தலைவர், வாசிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

"ஆர்லீன் டாலிவர்."

"இல்ல. திரும்ப."

"ஆர்டீனா..."

"கண்ணாடியப் போட்டுக்குங்க டாக்டர். அவசரமில்ல."

அவர் காது சிவந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்பத்தொரு பெண்களும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்டீலியா டாலிவர்," என்றார்.

வெர்னீஸ் உட்கார்ந்தாள். நாலு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது இளகும் என்று எதிர்பார்த்திருந்தாள். இளகவில்லை. ஆனால் இனித்தது. அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

கிராண்டாலின் உரிமம் போயிற்று. கோடைக்குள் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார். கிளினிக்கைக் காலி செய்த நாளில் வெர்னீஸ் வேண்டுமென்றே அந்தத் தெருவழியே போனாள். வேலையாள் ஒருவன் வாசலில் ஏணி போட்டு, டாக்டரின் பெயர் எழுதிய பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அத என்ன செய்யப்போற?"

"குப்பைக்குத்தாம்மா."

"எங்கிட்ட குடு."

நல்ல ஓக் பலகை, கனத்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கொல்லைக் கதவுக்கு வெளியே மழைக்குச் சேறாகும் இடத்தில், எழுத்து மேலே தெரியும்படி போட்டு, குதிகாலால் இரண்டு மிதி மிதித்து அமர்த்தினாள். கடை மூடிய பிறகு பெண்கள் பிரஷர் பார்க்க வீட்டுக்கு அந்த வழியே வரும்போதெல்லாம், செருப்புச் சேற்றை அதில் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.