பீங்கான் உடைப்பதற்கு முன்

ரோட்ஸ் தீவில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் ஆட்கள் நின்று கையைப் பிடித்து இழுப்பார்கள். போன கோடையில் என்னையும் இழுத்தார்கள். ஒருவன் என் தோளில் கை போட்டான். கையை எடு என்று டெனிஷில் சொன்னேன். மொழி தெரியாவிட்டாலும் என் முகம் அவனுக்கு விளங்கியிருக்கும். எந்தக் கடை நல்லது என்று கைத்தொலைபேசியில் வாசித்துக்கொண்டு மகள் பின்னால் வந்தாள்.

"அதை வை பிள்ளை. சாப்பாட்டுப் படம் தொங்குற கடைக்குப் போகாதை. ஆள் நிண்டு கூப்பிடுற கடைக்கும் போகாதை. மேல ஏறு. பஸ் ஓடுறவங்கள் எங்க சாப்பிடுறாங்களோ அங்க போவம்" என்றேன்.

"நீங்கள் முந்தி இங்க வந்தனீங்களோ?" என்றாள்.

வந்ததில்லை. ஆனால் இந்தத் தீவில் எங்கே சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் அப்படி ஒரு கடை இருந்தது. அடுப்பில் நெடுநேரம் வெந்த ஆட்டிறைச்சியும் எலுமிச்சம்புளி ஊறிய உருளைக்கிழங்கும் வந்தன. திறமான சாப்பாடு. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இந்த விஷயத்தில் என் பழைய முதலாளி, அந்த நாய், பொய் சொல்லவில்லை.

பாதிச் சாப்பாட்டில் உள்ளே ஒரு அடுக்குப் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. பக்கத்து மேசைக்காரர் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு நினைவு வந்தபோது நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் கதிரை பின்னால் விழுந்து கிடந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். முதலாளி இந்தத் தீவில் பிறந்தவன். கை நீட்டுகிறவன். சோஸ் கருகினால் சட்டி பறக்கும். ஒருமுறை கொதித்த எண்ணெயோடு தாச்சியை என் காலடியில் எறிந்தான். இடது காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் கதவைத் தாண்டி மண்டபத்துக்குப் போனால் ஆள் வேறு. விடுமுறைக்குத் தீவுக்குப் போய் முகம் சிவந்து திரும்பிய டெனிஷ்காரர்களின் தோளை அணைப்பான். அடுத்த வருடம் போக இருப்பவர்களுக்குக் கடதாசித் துவாயில் வழி கீறிக் கொடுப்பான். "கூப்பிடுகிற கடைக்குப் போகாதே, பஸ் ஓட்டுகிறவன் சாப்பிடும் இடத்துக்குப் போ" என்று மேசை மேசையாகச் சொல்வான். எனக்குக் கிரேக்கமும் தெரியாது, அப்போது டெனிஷும் அரைகுறை. ஆனாலும் கேட்டுக் கேட்டு அந்த வழிகள் மனப்பாடமாகிவிட்டன.

என்னோடு மன்னார் அண்ணை வேலை செய்தார். வயது நாற்பது இருக்கும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் இருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அவருக்கு வேறு கதை கிடையாது. "முடிவு வரட்டும் தம்பி, அடுத்த நாளே டிக்கெட்" என்பார். பிறகு தொட்டிக்குள் குனிவார்.

அவரும் முன்பு கொழும்பில் தம்பியோடு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றில் தமிழரின் கடைகளை எரித்த கும்பல் அந்த ஆடி மாதம் அவர்களுடைய கடைக்கும் வந்தது. முதலில் பீங்கான்களை உடைத்தார்கள். அவர் பின்பக்கம் விறகு மறைவில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு தம்பியின் சத்தத்தைக் கேட்டார். அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து சத்தம் வரவில்லை.

வைலேக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் பாட்டுப் போட்டுப் பீங்கான் உடைப்பார்கள். தீவில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று முதலாளியே சொல்லிச் சிரிப்பான். டெனிஷ்காரருக்கு அதுதான் கிரேக்கம். முதல் தடவை உடைத்தபோது அண்ணை கழுவும் தொட்டிக்குக் கீழே போய்விட்டார். இழுத்தும் வரவில்லை. மூத்திரம் போயிருந்தது. நான் முதலாளியிடம் தெரிந்த டெனிஷில் கொழும்புக் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தினான். தன்னுடைய கிராமத்தையும் உலக யுத்தத்தில் பட்டாளம் எரித்தது என்றான். பிறகு ஒரு ஒழுங்கு செய்தான். உடைக்க முன்னர் சூப் அகப்பையால் யன்னல் சட்டத்தில் தட்டுவான். சமையலறையிலிருந்து சாப்பாடு கொடுக்கிற சின்ன யன்னல் அது. தட்டியதும் அண்ணை கையைத் துடைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உடைத்து முடிந்ததும் திரும்பவும் கழுவுவார். அந்த மாரிக் குளிர்காலம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட முதலாளி அதைத் தவறவிடவில்லை.

அதனால்தான் என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்தவன் இல்லை அவன்.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை வீடு கட்டுகிற மேசன்மார் கூட்டம் ஒன்று வந்திருந்தது. முதலாளி அவர்களோடு இருந்து குடித்தான். நான் யன்னலால் இறைச்சிக் கோப்பைகளை வெளியே தள்ளிக்கொண்டு நின்றேன். "உள்ளே ஒருவன் இருக்கிறான், பீங்கான் உடைந்தால் எலி மாதிரி ஓடுவான், வந்து பாருங்கள்" என்று அவன் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அண்ணையிடம் சொல்ல நான் திரும்ப முன்னரே, முதலாளி ஒரு அடுக்கை அப்படியே தூக்கி யன்னலடியில் போட்டான். அகப்பை கொளுவியிலே தொங்கியது. கூச்சல். ஒரு மேசன் பெரிய சிவந்த தலையை யன்னலுக்குள் நீட்டிச் சிரித்தான்.

அண்ணை இந்தமுறை தொட்டிக்குக் கீழே போகவில்லை. இரும்புத் தாச்சி கையில் இருந்தது. அந்த முகத்தில் அடித்தார். எலும்பு உடைகிற சத்தம் பீங்கான் சத்தம் மாதிரி இல்லை. திரும்பவும் அடித்தார். பல்லும் இரத்தமும் இறைச்சிக் கோப்பைக்குள் விழுந்தன. "தம்பியை விடுங்கோடா" என்று கத்தினார். நான் இடுப்பில் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் மூக்கை உடைத்தார். பிறகு முதலாளி உள்ளே வந்து, கீழே விழுந்த அண்ணையை சப்பாத்துக் காலால் உதைத்தான். பொலிஸ் வரும்வரை உதைத்தான்.

வழக்கு நடந்த கோட்டில் முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். அந்த ஆள் எப்போதும் ஆபத்தானவன், இரக்கப்பட்டு வேலை கொடுத்தேன் என்றான். அகப்பை பற்றி நான் சொன்னேன். அப்படி ஒரு பழக்கமே இல்லை என்று முகத்துக்கு நேரே மறுத்தான். அண்ணையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் கதைத்தார்கள். கடைசியில் அடிபட்ட மேசன் எழும்பினான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், வாய் திறக்க ஏலாது. பல்லுக்குள்ளால் சொன்னான்: "அவன் பயப்படுவதைப் பார்க்கத்தான் போனோம். முதலாளி கூப்பிட்டார்." சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டான்.

அதனால் அண்ணையை நாடு கடத்தவில்லை. சில மாதம் சிறையில் மறியல் மட்டும் கொடுத்தார்கள். விண்ணப்பம் அவர் வெளியே வரும்வரை அப்படியே கிடந்தது. அந்த மாதங்களில் மன்னாரில் ஆமி அண்ணையின் மூத்த பொடியனை றோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. கடைசியில் முடிவு வந்து, பிரெடெரிசியா ஸ்டேசனில் இறங்கியது தாயும் சின்ன மகளும் மட்டும்தான். அண்ணை மேடையில் நின்று ரயிலின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மூடிய பிறகும் பார்த்தார்.

அடுத்த நாள் நான் வைலேக்குப் போனேன். கடை திறக்கிற நேரம். அகப்பை அதே கொளுவியில் தொங்கியது. அதை எடுத்து முதலாளியின் வாயில் அடித்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். அகப்பை வளைந்துபோனது. அவன் பொலிசுக்குப் போகவில்லை. போனால் ஏன் அடித்தான் என்று கேட்பார்கள். நான் இதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. வயது போனால் மனம் இளகும் என்கிறார்கள். எனக்கு இளகவில்லை.

அண்ணை பிறகு ஹோர்சன்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, போன மாரியில் செத்தார். அவர் இருந்த காலம் அந்த வீட்டில் யாரும் சும்மா கோப்பை அடுக்க மாட்டார்கள். அண்ணி தொட்டியில் கை வைக்க முன்னர் கரண்டியால் சுவரில் தட்டுவா. "அடுக்கப்போறன் அப்பா" என்பா. "ஓம், அடுக்கு" என்று உள்ளேயிருந்து அண்ணையின் குரல் வரும். மகளும் அப்படித்தான். யாரும் அதற்குக் காரணம் சொன்னதில்லை. நாங்கள் ஞாயிறுகளில் அங்கே போவோம், என் மகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள்.

ரோட்ஸ் கடையில் ஒரு பெண் நிலத்தில் குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கையால் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்து கதிரையை நிமிர்த்தி இருந்தேன். என்ன நடந்தது என்று மகள் டெனிஷில் கேட்டாள். சாப்பிடு என்றேன்.

முடிந்ததும் அவள் வெறும் கோப்பைகளைத் தன் பக்கம் இழுத்தாள். அடுக்க முன்னர் கரண்டியை எடுத்து மேசையில் மெல்லத் தட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் பொறுத்தாள்.

"ஏன் தட்டினனீ?" என்றேன்.

"அடுக்கேக்க தட்டுறதுதானே அப்பா. தமிழாக்கள் எல்லாரும் அப்பிடித்தானே" என்றாள்.

"ஓம்," என்றேன். "அடுக்கு."