ஹேண்டில் பார் ஆடிய சீசன்

ஐந்தருவி போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்து, நானும் என் வீட்டுக்காரரும் நாலு சக்கர பைக் சவாரி நடத்துகிறோம். மூன்று வண்டிகள். அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இங்கே ஓட்டிப் பார்ப்பது அவர், ஸ்பேனர் பிடிப்பது நான். ஒரு பொம்பளை வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறாளே என்று தோப்புக்காரருக்குச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் ரொம்ப எளிது. ஹேண்டில் பாரைத் திருப்பினால் கீழே போகிற தண்டு திரும்பும். அது இரண்டு பக்கத்து டை ராடுகளையும் தள்ள, சக்கரம் திரும்பும். காரில் இருப்பது போல் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலும் மணிக்கட்டு வரை தெரியும். சகதியில் ஓடிய வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கழுவ கிரீஸ் போய்விடும், ராடு முனைகள் தேயும், ஹேண்டில் பார் ஆட ஆரம்பிக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்வாங்கி நிற்க வேண்டும். அதை அளக்க டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். எங்கள் சண்டையெல்லாம் அந்த நேரத்தில்தான்.

போன சாரல் சீசனில் ஒருநாள் காலை, வழக்கம்போல் கேட் திறக்குமுன் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், "ஏட்டி, ஹேண்டில் பார் ஆடுது, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். ராடு முனைகளில் ஆட்டமில்லை. இருந்தாலும் புதிது மாற்றினேன், தண்டைக் கழற்றி கிரீஸ் வைத்தேன், சக்கரத்தை அளந்தேன். எல்லாம் கச்சிதம். பிறகு நானே ஏறி ஒரு சுற்று ஓட்டினேன். வண்டி நூல் பிடித்தது போல் போனது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. சில நாட்களாக அவர் டீயைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்ற விடுவதில்லை. சட்டைப் பொத்தானை மாட்ட அவ்வளவு நேரம் எடுக்கிறார்.

"ஆடுதா?" என்று கேட்டார்.

மனதில் ஒன்று வாயில் ஒன்று எனக்கு வராது. அன்று வந்தது. "ஆமாங்க, லேசா ஆடுது."

"அப்போ சவாரிக்கு விடாத. ஓரமா நிறுத்து."

இதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் இரண்டாவது வண்டியும் ஆடியது, அதற்கடுத்த நாள் மூன்றாவதும். நல்ல வண்டிகள் மூன்றும் ஓரத்தில் நின்றன. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஆட்கள் கேட்டில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவேன்.

"மூணு வண்டியும் ஒண்ணுபோல எப்படிட்டி கெடும்? நானே பாக்குதேன்" என்று அவரே ஜாக்கியை எடுத்து வந்து ஒரு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. ஹேண்டில் பாரைப் பிடித்தார். சக்கரங்கள் இரண்டும் நடுங்கின. கையை எடுத்தார், நின்றுவிட்டன. மறுபடி பிடித்தார், நடுங்கின. இன்ஜின் ஓடவே இல்லை.

சக்கரங்களைப் பார்த்தபடியே, "ஒனக்குத் தெரியும், என்னா?" என்றார்.

"தெரியும்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஜாக்கியை இறக்கிவிட்டு, "நாளையிலேருந்து காலையில நீ ஓட்டிப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மூன்றையும் ஓட்டினேன். அவர் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் சேரில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வண்டியை அவர் முன்னால் நிறுத்தினேன்.

"எப்படிப் போகுது?"

இந்த முறை பொய் சொல்ல வழியில்லை. "மூணும் நேராப் போகுதுங்க. ஒரு குறையும் இல்ல."

"நல்லது" என்று தலையாட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்கும்.