ஆயுத பூஜைக்குத் துடைத்த கணினி

நேற்று என் மடிக்கணினியில் ஒரு பழைய மென்பொருளை நீக்க வேண்டியிருந்தது. டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எந்த ஃபோல்டரில் நிற்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது, நகல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி கை வைப்பேன். "வெடிகுண்டா எடுக்குறே?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். அவர் மன்னார்குடியில் அந்தக் கடையில் வேலை பார்த்தவரில்லை.

பிரவுசிங் சென்டர் என்றால் இப்போது யாருக்குத் தெரிகிறது? ஏசி என்ற பெயரில் ஓர் ஈர வாடை, பக்கத்துக் கடை மசால் வடை வாசனை, நுரை உரிந்த ஹெட்போன்கள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த திமிரில் நான் என்னை இன்ஜினியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததென்னவோ, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமாருக்கு மெயில் திறந்து கொடுக்கிற வேலை.

அப்படி வந்தவர்தான் ஜெய்னம்பு அக்கா. கணவர் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தார். எழுத வராது என்று குரலைப் பதிந்து மெயிலில் அனுப்புவார். அப்போதெல்லாம் மெயிலில் இடம் ஏது? இறக்கி எங்கள் கணினியில் வைத்துவிட்டு, மெயிலைக் காலி செய்வோம். ஒருநாள் சாரம் சரிந்து அவர் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மகள் அக்கா வயிற்றில் இருந்தாள். அதன்பிறகும் அக்கா வந்து அந்தக் குரல்களைக் கேட்டுவிட்டுப் போவார். "இவளுக்கு வெவரம் தெரியட்டும், கூட்டிட்டு வர்றேன்" என்பார், கைக்குழந்தையைக் காட்டி.

முதலாளி குவைத்திலிருந்து திரும்பியவர். எப்போதும் ரூட்டாகத்தான் நுழைவார். ரூட் என்றால் சர்வாதிகாரம்; எதை அழிக்கச் சொன்னாலும் கணினி எதிர்க்கேள்வி கேட்காது. "சாதாரண யூசரா வாங்க சார், தேவைப்பட்டா மட்டும் ரூட் போதும்" என்பேன். "என் கடையில என்னையே பாஸ்வேர்டு கேக்குமா? போம்மா!" என்பார். குரல்களை சிடியில் எழுதிவைக்கலாம் என்றதற்கும் அதே "போம்மா"தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையைக் கழுவினோம். ஒட்டடை அடித்தாயிற்று, கீபோர்டுகளைத் தட்டியாயிற்று. "உள்ளயும் சுத்தம் பண்ணிருவோம்" என்று உட்கார்ந்தார். கேம்ஸ் ஃபோல்டரில் இருப்பதாக நினைப்பு. கூடத்தைப் பெருக்குவதாக எண்ணி பூஜையறையை வாரிக் கொட்டுவதுபோல, அந்தக் குரல்கள் இருந்த வாடிக்கையாளர் ஃபோல்டரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். நான் "சார்!" என்று கத்துவதற்குள் முடிந்துவிட்டது. பாவி மனிதர், "பழைய குப்பைதானே" என்று சொல்லி மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்.

"வைரஸ்னு சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை, அக்கா வந்ததும் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பரவால்லம்மா, இன்னொருக்கா அனுப்பச் சொல்லலாம்" என்றவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

கடை இப்போது செல்போன் கடை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்த மகளைப் பார்த்தேன். காலேஜ் முடித்துவிட்டாளாம். "நீங்க கேட்டிருக்கீங்களாமே, எங்க அத்தா எப்படிப் பேசுவாங்க?" என்றாள். ஹெட்போன் கெட்ட நாட்களில் ஸ்பீக்கரில் எத்தனையோ முறை கேட்டதுதான். "ஜெய்னு, சாப்டியா? புள்ள உதைக்கிதா?" என்று சொல்லிக் காட்டினேன். என் குரலில்தான் வந்தது.