நூலகச் சுவரும் என் சகலையும்

கல்லூரி மலருக்கு என் சகலையைப் பற்றி எழுதித் தரும்படி தமிழ் வாத்தியார் கேட்டார். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. போர்டு எழுதிப் பழகிய கை, சின்ன எழுத்து வராது. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடித்தது. வாத்தியார்தான் பிரதி எடுத்துக் கொடுத்தார். எழுத்துப்பிழை இருந்தால் அவருடையது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் சுண்ணாம்பு வாளி தூக்க ஆரம்பித்தவன். இன்றைக்கு என்னிடம் இருபத்தாறு பேர் வேலை செய்கிறார்கள். இந்தக் கல்லூரியில் நாற்பது வருஷமாக எல்லாக் கட்டடத்துக்கும் வெள்ளை, கலர், பாலிஷ் எல்லாம் நான்தான். நீங்கள் எந்தச் சுவரில் சாய்ந்தாலும் என் மேல்தான் சாய்கிறீர்கள்.

சகலையும் நான் வந்த வருஷமேதான் வந்தார். வேதியியல் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிற வேலை. மாணவர்கள் 'சீசா ஐயா' என்பார்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலை என்றாலே போட்டி என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் மாமனார் உயிரோடு இருந்தவரை, சின்ன மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம், பெரிய மாப்பிள்ளைக்கு ஏணிதான் சம்பளம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் மாடி வீடு கட்டிய பிறகும் அதையேதான் சொன்னார். சகலை இன்றைக்கும் வாடகை வீடு, சைக்கிள். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள் ஊருக்கு வந்தால் நேராக அவரைத் தேடித்தான் போகிறார்கள். என் சுவர்களைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருத்தராவது நின்று பார்த்ததில்லை.

அப்படி என்ன செய்துவிட்டார்? சொல்கிறேன், கேளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண், அப்பா இறந்து பத்தாம் நாள் செய்முறைத் தேர்வுக்கு வந்திருக்கிறாள். அளவுக் குழாயைப் போட்டு உடைத்துவிட்டாள். உடைந்ததைப் பதிவேட்டில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சகலை எழுதவில்லை. தேர்வு முடிந்ததும் அவளை உட்காரவைத்து, உடைந்த துண்டை அடுப்புச் சுடரில் காட்டி இளக்கி, ஒரு நுனியை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். கண்ணாடி நூலாக நீண்டதாம். சாயங்காலம் வரை அந்தப் பெண் இழுத்துக்கொண்டே இருந்தாள். அழுகை நின்றுவிட்டதா என்று நான் கேட்டேன்.

"இல்லண்ணே. அழுதுகிட்டேதான் இழுத்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு பரீட்சையில் தோற்றவன், வீட்டு ஏக்கம் பிடித்த விடுதிப் பையன், காதலில் அடிபட்டவள் என்று ஒவ்வொருவராக அவரிடம் வர ஆரம்பித்தார்கள். உடைந்த குழாயில் குருவி, மீன், வளையம் என்று எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். கல்லூரியில் மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் இருக்கிறார், பெரிய படிப்பு. அவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளைகள் இந்தப் பாட்டில் கழுவுகிறவரிடம் பேசுகிறார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கலையரங்கத்துக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் அறையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். களிமண், நூல், காகிதம், வர்ணம் எல்லாம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த அறை நடக்கிறது. அதற்கு வெள்ளையடித்தது நான், இலவசமாக. இதையும் மலரில் போடவும்.

அந்த அறைக்கு இரண்டே சட்டம். வேடிக்கை பார்க்க யாரும் நிற்கக் கூடாது, உள்ளே வந்தால் எதையாவது கையில் எடுக்க வேண்டும். அடுத்தவர் செய்ததை நல்லாயிருக்கு என்றும் சொல்லக் கூடாது, நல்லாயில்லை என்றும் சொல்லக் கூடாது. மனைவியைப் பறிகொடுத்த கணக்குப் பேராசிரியர் அங்கே உட்கார்ந்து மூன்று மாதம் கயிறு திரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம்.

எனக்கு அந்த அறையைக் கண்டாலே பிடிக்காது. காரணம் தனியாகச் சொல்ல வேண்டுமா?

போன வருஷம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி, வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறவர், அமுக்கிப் பழக ரப்பர் பந்து என்று ஒன்றுக்கும் நான் குறை வைக்கவில்லை. நாலு மாதம் ஆகியும் அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். கொழுந்தியாள்தான் வந்து, செவ்வாயும் வெள்ளியும் அக்காவை அந்த அறைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். டாக்டருக்கு முடியாததை சீசா கழுவுகிறவரா செய்யப் போகிறார் என்று நானும் சரி என்றேன்.

மூன்றாவது வாரம் அவள் இடது கை நகக்கண்ணில் நீல வர்ணம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கலையரங்கத்தில் வேலை இருப்பதுபோலப் போய், அந்த அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். என் மனைவி பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். சகலை அவளைப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து நூல் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். வயிறு பற்றி எரிந்தது. நானூறு கலர் தெரிந்தவன் வீட்டில் இருக்க, இவள் கலருக்காக இங்கே வர வேண்டுமா?

மறுநாளே படம் வரைகிற தாங்கி, இருபத்து நாலு குழாய் வர்ணம், ஒட்டகமுடித் தூரிகை எல்லாம் வாங்கி மாடி அறையில் வைத்தேன். அவளை உட்காரவைத்துப் பின்னாலேயே நின்றேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் மஞ்சள் விடு என்றேன். தூரிகையைக் கீழே வைத்தவள் திரும்ப எடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் ஆட்டோக்காரரிடம் இனி செவ்வாய் வெள்ளி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுந்தியாள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "மாமா, வயித்தெரிச்சலுக்கும் அங்க மருந்து இருக்கு. அக்காவை அனுப்பலன்னா நீங்களாவது போங்க."

இந்த நேரத்தில்தான் நூலகத்தில் மழைநீர் இறங்கி, வாசிப்பு அறையில் ஒரு சுவர் பாழாகிவிட்டது. மற்ற மூன்று சுவரும் நன்றாக இருந்தன. அவற்றின் பழைய கலருக்கு ஒத்த கலரை நாலாவது சுவருக்கு அடிக்க வேண்டும். வெண்ணெயில் ஒரு சொட்டு பாசி கலந்தமாதிரி கலர் அது. கடையில் கலர் கலக்க மெஷின் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் புத்தகத் தூசியும் மனுஷ மூச்சும் குடித்த சுவர் மெஷினுக்கு எங்கே தெரியும்? அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பழைய கலருக்கு ஜோடி சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர்.

மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் சேரவில்லை. நூலகர் மரியாதை தெரிந்த மனுஷி, "இது மட்டும் கொஞ்சம் புதுசா தெரியுதே" என்று மட்டும் சொன்னார். திங்கள்கிழமை வாசிப்பு அறையைத் திறக்க வேண்டும். என் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கண் போச்சு என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

கண் போகவில்லை. அந்தக் கண்ணே என்னுடையது இல்லை. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து நான் சுவரில் ஒரு சில்லு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து கிண்ணத்தில் கலந்து, காகிதத்தில் தடவி, காயவைத்து, சில்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அளவை நான் எழுதிக்கொண்டு போவேன். இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நூலகச் சுவரின் சில்லையும் டப்பாக்களையும் ஒரு தட்டில் வைத்து மாடி அறையில் அவள் முன்னால் வைத்தேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டாள். வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை நானே ஆட்டோ பிடித்து அவளை அந்த அறைக்குக் கூட்டிப் போனேன்.

"வாங்கண்ணே, உக்காருங்க. மண்ணா, நூலா?" என்றார் சகலை.

"நான் வேலையா வந்திருக்கேன்."

"இங்க எல்லாரும் வேலையாத்தான் வந்திருக்காங்க."

சுற்றிலும் ஐந்தாறு பிள்ளைகள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண் என் முன்னால் களிமண் உருண்டையை வைத்தாள். சில்லையும் டப்பாக்களையும் மனைவி பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் கை கிண்ணத்தின் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. மஞ்சளைத் தொடப்போய் நின்றது. என் வாய் திறக்கப் போகிற நேரம், சகலை நூலைவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார்:

"நீங்க அவங்க கையவே பாக்கறீங்கண்ணே. மண்ணைப் பாருங்க."

என்னை இப்படி யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் மண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டையாக்குவதுதான். தட்டித் தட்டி ஓரம் சீவி ஒரு பலகையாக ஆக்கினேன். கிண்ணத்தில் குச்சி சுற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேனே, இருபதடி சாரத்தில் ஒற்றைக் காலில் நிற்பதைவிட அது கஷ்டம்.

அப்போது அவள் பேசினாள். கோணலாக, ஆனால் தெளிவாக.

"ஜன்னல்?"

சகலை உடனே எழுந்து, காற்றுக்குத்தான் கேட்கிறாள் என்று ஜன்னலைத் திறக்கப் போனார். உட்காரு சகலை என்றேன். அவருக்கு எப்படித் தெரியும்? கலர் கலக்கும்போதெல்லாம் அவள் கேட்கிற கேள்வி அது. அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டுவிட்டு, அதே வெளிச்சத்தில் வைத்துத்தான் கலரைப் பார்ப்பாள். நான் மூன்று தடவையும் முற்றத்து வெயிலில் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாகப் பதில் சொன்னவனுக்கு, கேள்வி எதற்கென்று உறைக்கவில்லை.

"வடக்கு" என்றேன்.

தடவிய காகிதத்தை வெயில் விழுந்த மேசையிலிருந்து நிழலுக்கு நகர்த்திக்கொண்டாள். இரண்டு சொட்டு கறுப்பு சேர்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

திங்கள்கிழமை நாலு சுவரும் ஒரே சுவராக இருந்தது. முதல்வர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க கண்ணே கண்ணு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். சகலை கதவோரம் நின்றிருந்தார். வெளியே வந்ததும், யார் கலந்தது என்று சொல்லியிருக்கலாமே என்று நானே கேட்டேன்.

"அது எனக்கு எங்க கல்யாணமான வருஷத்துலேருந்தே தெரியும். தங்கச்சிக்கு அக்கா சொல்லாம இருப்பாங்களா? சொல்ல வேண்டியது நான் இல்லையேண்ணே" என்றார்.

நாற்பது வருஷம். மாமனார் என்னை ஏணிச் சம்பளம் என்று கேலி பண்ணியபோதும், நான் அவர் சைக்கிளைக் கேலி பண்ணியபோதும், இந்த ஒன்றை எடுத்து வீசியிருந்தால் நான் தரையோடு தரை. வீசவில்லை. அவரிடம் நான் பொறாமைப்படுவதில் அறை இரண்டாவதுதான். இதுதான் முதல்.

ஆகவே அவரைப் பற்றிக் கேட்ட இடத்தில் இதையும் எழுதிவிடுகிறேன், வாத்தியார் வெட்டக் கூடாது. நூலகம், கலையரங்கம், விடுதி, முதல்வர் அறை என்று இந்தக் கல்லூரியில் பழைய கலருக்குச் சேர்ந்த கலர் எங்கே இருந்தாலும், அதைக் கலந்தது என் மனைவி. அடித்தது நான். பிரஷ் கோடு ஒன்றுகூடத் தெரியாது, போய்ப் பாருங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் இப்போது நான்தான் அவளைக் கூட்டிப் போகிறேன். களிமண்ணில் பதினாலு பலகை ஆகியிருக்கிறது, யாரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை அவள் பதினோரு வார்த்தை பேசினாள், நான் எண்ணினேன். ஏழு சகலையிடம், நாலு என்னிடம். கணக்கு எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்த நாலில் ஒன்று 'ஜன்னல்'. அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியாது.