அப்பாவின் சிவப்புக் கோட்

சனிக்கிழமைகளில் பழைய உடுப்புக் கடையில் துழாவுவது எனக்கு ஒரு பைத்தியம். பங்குனி வெயிலுக்கு மெல்லிய சேட் ஒன்று தேடியபோது, குவியலின் அடியில் ஒரு கம்பளிக் கோட் கையில் பட்டது. அந்துருண்டை வாசம்.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, எங்கள் ஊர் குருநகரில், தவக்காலத்தில் கோயில் மண்டபத்தில் வெளிநாட்டுப் பழைய உடுப்பு மூட்டைகளை அவிழ்க்கும்போது எழுந்த அதே வாசம். அதிலிருந்துதான் அம்மா அப்பாவுக்கு ஒரு சிவப்புக் கோட் எடுத்துவந்தார். மாசிப் பனியில் அதைப் போட்டுக்கொண்டு அப்பா கடலுக்குப் போவார். பொத்தான் ஓட்டைகளில் மீன் செதில் மினுங்கும்.

கடலுக்குப் போகாத ஒரு ஞாயிறு, கொடியில் காய்ந்த கோட்டைக் கொழும்பிலிருந்து வந்திருந்த மாமி கண்டுவிட்டார்.

"ஐயோ, உது பொம்பிளையள் போடுற கோட்டெல்லோ!"

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா கோட்டைக் கொடியிலிருந்து உருவினார். இனி அதைத் தொடமாட்டார் என்று நினைத்தேன்.

திங்கள் விடிய, அதே கோட்டோடு வள்ளத்தைத் தள்ளினார். கரையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அக்கா, கவனமாய்ப் போய் வாங்கோ!"

அப்பா கையை உயர்த்தினார். "ஓம் ராசா, வாறன்!"

கடைக் குவியலில் எடுத்த கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, உது ஆம்பிளையளின்ரை."

"ஓம் அண்ணை, தெரியும்."

அப்பாவுக்கு அந்தச் சிவப்புக் கோட் தோளில் எப்போதும் இறுக்கம். எனக்கு இது தொளதொளவென்று கிடந்தது. கழற்றாமலே காசைக் கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கினேன்.