கெம்போங் மீனின் நீளம்

எண்பதுகளின் இறுதியில் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் மீன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கானாங்கெளுத்தி வகையான கெம்போங் மீன் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது என்று மீனவர்கள் சொல்லிவந்தார்கள். அது உண்மையா என்று பார்க்க என் பேராசிரியர் விரும்பினார். எங்களிடம் நான்கு வருட அளவுகள்தான் இருந்தன. அதற்கு முந்தைய பத்து வருட அளவுகள் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்திலிருந்த ஒரு மீன்வள அலுவலகத்தின் பதிவேடுகளில் கிடந்தன.

அங்கிருந்த அதிகாரி லேசில் சம்மதிக்கவில்லை. மூன்று கடிதங்களுக்குப் பிறகு அனுமதி வந்தது. அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ளலாம்; போட்டோஸ்டேட் எடுக்கக் கூடாது; பதிவேடு வாசலைத் தாண்டக் கூடாது.

நான் தங்கியிருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து பஸ்ஸில் ஜெட்டித் துறைக்குப் போய் காலை ஃபெர்ரியைப் பிடிப்பேன். அந்த உப்புக் காற்றில் நின்றபடி கடலைக் கடந்த காலைகள் இப்போதும் எனக்குப் பிடித்தவை.

பதிவேடுகள் ஓர் அக்காவின் பொறுப்பில் இருந்தன. பக்கத்தில் மாக் மண்டின் என்ற இடத்தில் குடியிருந்தார். அந்தப் பத்து வருடமும் படகுத்துறையில் நின்று மீனை அளந்தவர் அவரேதான். முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடும்மா. புக்குல சம்பல் படாம பாத்துக்க."

அதற்கப்புறம் எங்கள் பேச்சு நிற்கவில்லை.

மூன்று வாரம் எழுதியதையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் ஏற்றி, எங்கள் அளவுகளோடு சேர்த்தேன். பத்து வருடம் மெல்லச் சிறுத்துவந்த மீன், எங்கள் கணக்கு தொடங்கிய வருடத்தில் திடீரென்று பெரிதாகியிருந்தது. தப்பாக எழுதிவிட்டாயா என்று பேராசிரியர் கேட்டார்.

மறுநாள் பதிவேட்டோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். ஓர் எண் கூடத் தப்பில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா விவரம் கேட்டார். சொன்னேன். சற்று யோசித்தார்.

"நீங்க மீனை எங்க வரைக்கும் அளக்குறீங்க?"

"வால் நுனி வரைக்கும்க்கா."

"நான் வால் ரெண்டா பிரியற இடத்தோட நிறுத்திடுவேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க." பிறகு சிரித்துவிட்டார். "நீ ஒண்ணும் தப்பு பண்ணல லா."

எனக்குத்தான் கண் கலங்கியது. பத்து வருடத்தையும் நான்கு வருடத்தையும் ஒட்டவைத்தேனே தவிர, இரண்டும் ஒரே விதமாக அளந்தவையா என்று கேட்கத் தோன்றவில்லை.

இருவருமாகப் பசாருக்குப் போய் ஒரு கூடை கெம்போங் வாங்கிவந்தோம். ஒவ்வொரு மீனையும் இரண்டு விதமாகவும் அளந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பேராசிரியர் பழைய அளவுகளை மாற்றிக் கணக்கிட்டார். மீன் சிறுத்துத்தான் வந்திருந்தது. கூடை மீன் அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் குழம்பானது.

யார் அளந்தது, எங்கே, எப்படி என்று பேராசிரியர் ஒரு பக்கம் எழுதி அதிகாரிக்கு அனுப்பினார். இந்தத் தாளும் கூடவே போவதானால் மற்ற ஆய்வாளர்களுக்கும் அளவுகளைக் கொடுக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். அத்தனை கறாராக இருந்தவர் அவ்வளவு சீக்கிரம் இளகுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்காவைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரில் அவருடைய அளவுகளைக் காட்டினேன். ஓர் அக்டோபர் மாதத்தைத் திறக்கச் சொன்னார். ஒரு நாளில் நான்கே மீன்கள் இருந்தன.

"அன்னிக்குச் சரியான மழை. மகளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்து அளந்தேன்," என்றார்.

அந்த நான்கு எண்களையும் நான் மறுபடி பார்த்தேன். அவரே அடுத்த மாதத்தைத் திறக்கச் சொன்னார்.