பம்பாயிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம்?

சித்தப்பா, நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் அல்ல, தெரிந்தே சொன்னீர்கள்.

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவை மேல்படிப்புக்கு லண்டன் அனுப்பினார்கள். திண்டுக்கல்லில் ரயிலேறிப் பம்பாய் போய், அங்கிருந்து விமானம். எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு ஏழு மாதம். விமானம் கிளம்பும் நாள் காலையில் அவள் மாதா படத்தின் முன் மண்டியிட்டு நேர்ந்துகொண்டாள்: "அவுக காலு தரையில படுற வரைக்கும் என் வாயில பச்சத்தண்ணி படாது."

அப்பா போனபின் நம் வீட்டில் காலேஜ் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். மறுநாள் மதியம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

"தம்பி, இந்நேரம் எறங்கியிருக்குமா?"

"அம்புட்டு சீக்கிரமா? இதென்ன வத்தலக்குண்டு பஸ்ஸா, மதினி? அண்ணன் இப்பத்தான் அரபிக்கடலுக்கு மேல மெதக்குறாரு."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் மறுபடி கேட்டாள். விமானம் பாலைவனத்துக்கு வந்துவிட்டது என்றீர்கள். "கீழ ஒட்டகத்துக்கே தண்ணி இல்லையாம், மதினி!" சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

அத்தை மோர்ச் செம்போடு கெஞ்சினாள். "புள்ளத்தாச்சி, ஒரு வாய் குடி தாயி."

"அவுக அந்தரத்துல தொங்குறாக. நான் மோர் குடிக்கவா?"

மூன்றாம் நாள் காலை அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தங்கச்சி பிறந்தாள். மூச்சில்லை. விமானம் இறங்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தாள் என்று அத்தை சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா அதிர்ந்துபோனார். "அந்த பிளேன் முந்தாநாள் ராத்திரியே லண்டன் போயிருக்குமே!"

நீங்கள் வேப்பமரத்தடியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். எல்லாரையும்விட உங்களுக்குத்தான் துக்கம் என்று நினைத்து, நான் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது துக்கமில்லை, பயம். ஏழு வயதில் எனக்கு அது தெரியவில்லை.

அப்புறம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "பிளேன் நேரம் எனக்கென்ன தெரியும்? மதினிதான் பிடிவாதக்காரி" என்று கைவிரித்தீர்கள். அம்மாவும் அதை நம்பினாள். தன் நேர்ச்சையே பிள்ளையைத் தின்றுவிட்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அப்பா வாய் திறந்தார். "எனக்கே அவன்தாண்டா நேரம் சொன்னான். காலையில ஏறுனா ராச்சாப்பாடு லண்டன்ல, அண்ணேன்னு சொன்னான்." தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் இத்தனை வருஷம் அதை மென்று விழுங்கியிருக்கிறார். அவரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் கேள்வி உங்களுக்கு.

வரும் ஞாயிறு அம்மாவின் ஆண்டுப் பூசை. முடிந்ததும் கோயில் வாசலில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கும். அங்கே, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள். அம்மா உங்களிடம் தண்ணீர் கேட்கவில்லை, நேரம்தான் கேட்டாள். அதை ஏன் சொல்லவில்லை?